ஆபத்சகாயத்தின் கம்ப்யூட்டர்

சிபியூ பெட்டியின் உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது, நெற்றியில் குங்குமப் பொட்டோடு. மணிமொழி அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பழத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அது யாரையும் ஏமாற்றவில்லை, வைத்த இடத்தில் இருந்தது. "தானா நின்னு போகுதும்மா, நீலமா ஒரு திரை வருது, இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு அணைஞ்சிடுது, சனிக்கிழமைன்னா ரொம்ப ஜாஸ்தி" என்று ஆபத்சகாயம் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இவரிடம் கூட்டம் அதிகம், கூட்டம் அதிகமென்றால் மெஷினுக்கு வேலை அதிகம், வேலை அதிகமென்றால் கெட்டுப்போன இடத்தைத் தொட வேண்டிவரும், அவ்வளவுதான், இதில் சனி எங்கே வந்தார். ஆனால் அவள் சொல்லவில்லை. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில், யூரியா நாற்றத்துக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் கம்ப்யூட்டர் ஜோதிட நிலையம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் காரண காரியம் பேசுவதைவிட அந்த எலுமிச்சம்பழத்திடம் பேசலாம். இதற்கு முன் வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவன் வைரஸ் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறான். இன்னொருவன் கரண்ட் சரியில்லை என்று பவர் சப்ளையை மாற்றியிருக்கிறான். மூன்றாமவன் வாஸ்துப்படி மேஜையைக் கிழக்கே திருப்பச் சொன்னானாம், அவனும் டிப்ளமா படித்தவன்தான். எல்லாருக்கும் சிகிச்சை தெரிகிறது, என்ன நோய் என்று பார்க்க ஒருத்தனுக்கும் பொறுமை இல்லை. அவள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசியோடு ஊதுவத்திச் சாம்பலும் கற்பூரக் கரியும் சேர்ந்து மதர்போர்டு முழுக்க அப்பியிருந்தது. தினம் சாயங்காலம் இதற்கும் சேர்த்துத் தீபாராதனை காட்டுகிறார்கள் போல. பிரஷ்ஷால் தட்டினாள். தும்மல் வந்தது. "ஒத்தைத் தும்மல்" என்றார் ஆபத்சகாயம், யாரிடமோ சொல்வதுபோல.

ரேம் பலகைகள் இரண்டு இருந்தன. மெஷின் வேலை செய்கிறபோது எதையெல்லாம் கையில் வைத்திருக்கிறதோ அதெல்லாம் இந்த விரல் நீளப் பலகைகளில்தான் நிற்கிறது. இரண்டையும் பிடுங்கி, தங்கப்பூச்சுப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் ஸ்லாட்டில் அழுத்தி, பென்டிரைவிலிருந்து சோதனையை ஓட விட்டாள். நீலப் பின்னணியில் எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொரு அறையிலும் ஒன்றை வைக்கும், திரும்ப எடுத்துப் பார்க்கும், வைத்தது வந்ததா என்று கேட்கும், அடுத்த அறைக்குப் போகும். கோடிக்கணக்கான அறை. மனுஷர்களிடம் இப்படி ஒரு சோதனை ஓட்ட முடிந்தால் ஊரில் முக்கால்வாசிப் பேரைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடலாம். "எவ்வளவு நேரம் ஆகும்மா?" "ஆகும்." "மத்தியானம் ஒரு ஜாதகம் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்." "கையால எழுதிக் கொடுங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கிரகமெல்லாம் சுத்தாமயா இருந்துச்சு." அவர் சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தாள். சிரித்தது பிடிக்கவில்லை. அவர் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்து விரல் மடக்க ஆரம்பித்தார். இவள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒன்றுமில்லை. இப்படிச் சும்மா உட்கார நேரிடும் என்று தெரிந்துதான் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவள் ஆளை அனுப்பிவிடுவது. கடை அவளுடையது, இன்ஜினியரிங் படித்தவள், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள். காலையில் போனில் ஆபத்சகாயம் என்ற பெயரைக் கேட்டதும், "நானே வர்றேன்" என்று வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னது என்று ஸ்கூட்டரில் வரும்போது கேட்டுப் பார்த்தாள். வாய் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. சும்மா ஒரு தரம் பார்க்கலாம் என்றுதான், எந்த மெஷின் என்று. போன வருஷம் தன்னை வேண்டாமென்று சொன்ன மெஷின் எப்படி இருக்கும் என்று ஒரு மனுஷிக்குப் பார்க்கத் தோன்றாதா. அழுக்காக இருந்தது, அவ்வளவுதான்.

சட்டநாதன் அதைச் சொன்னது பாலிடெக்னிக் சைக்கிள் ஸ்டாண்டில். அங்கே லேப் இன்ஸ்ட்ரக்டர் அவன். அவள் அந்த லேபின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளப் போனவள், அப்படித்தான் பழக்கம். இரண்டு வருஷம் அவனோடு டீ குடித்து, அவன் நகைச்சுவைக்குச் சிரித்து, அவன் அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்து, கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டில். "உனக்கு ஆயில்யமாம். எனக்கு ரேவதியா, ரஜ்ஜு தட்டுதாம். ஆபத்சகாயத்துக்கிட்ட கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தாச்சு. ஆயில்யம் மாமியாருக்கு வேற ஆகாதாம். அம்மா அழுவுறாங்க." அழட்டுமே என்று அவன் சொல்லவில்லை. நானும் அழுதேன் என்றும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினான், கட்டம் போட்டது, ஓரத்தில் பிள்ளையார். ரஜ்ஜு என்றால் கயிறாம். கயிறு இடிக்கிறதாம், இடித்தால் தாலி நிலைக்காதாம். பைனரி சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் பேசுகிற பேச்சு. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னால் அப்பாவும் சிரிப்பார் என்று நினைத்தாள். நாற்பது வருஷம் கறுப்புச் சட்டை போட்டவர், ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர், மகளுக்கு மணிமொழி என்று பெயர் வைத்து ஜாதகம் என்ற சனியனை வீட்டுக்குள் விடாதவர். அந்த அப்பா, மாப்பிள்ளை வீட்டார் பிறந்த நேரம் கேட்டபோதே, "நேரந்தானே, குடுத்துட்டுப் போ, அவங்க நம்பிக்கை அவங்களுக்கு" என்றவர்தான். அம்மா உடனே, ஏதோ பல வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்தது போல, "விடிகாலை நாலு மணி பத்து நிமிஷம்" என்று ஒப்பித்தாள். பெண்ணுக்கு வயதாகும்போது பகுத்தறிவுக்கும் சேர்ந்து வயதாகிவிடுகிறது. ரஜ்ஜு தட்டுகிறது என்று அவள் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "வேற ஜோசியரைப் பாக்கலாமா" என்றார். அவரை அன்றைக்கு அவள் வெறுத்த மாதிரி சட்டநாதனைக்கூட வெறுக்கவில்லை. சட்டநாதனைப் பற்றி அவள் வைத்திருந்தது வேறொன்று, அதற்கு வெறுப்பு என்று பேர் சொல்ல முடியாது. அவன் பாவம் என்று எங்கோ ஒரு மூலையில் வைத்திருந்தாள். அம்மாவுக்கும் கட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். கோழை, ஆனால் பாவம். திட்டும்போதுகூட அந்த ஆனால் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு வருஷமும் அந்த ஆனாலைப் பிய்த்து எறிய முடியவில்லை. போன வாரம் வாட்ஸப்பில் வந்து நிற்கிறான். அம்மா இப்ப கொஞ்சம் இறங்கி வந்துட்டாங்க, பரிகாரம் இருக்காம், பேசலாமா, மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளிதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிக்கத் தைரியமில்லாதவன் வைக்கிற புள்ளி. அம்மா எதிலிருந்து இறங்கி வந்தாளாம், தேரிலிருந்தா. திருநாகேஸ்வரத்தில் பால் ஊற்றிவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். இன்னும் பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

திரையில் முதல் சுற்று முடிந்து பிழை இல்லை என்று வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரி, ஒன்று நல்லது, இருக்கட்டும். அதைப் பிடுங்கி இரண்டாவதை அதே ஸ்லாட்டில் போட்டாள். மறுபடி எண்கள். இதிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் மதர்போர்டு என்று அர்த்தம், பெட்டியையே கடைக்குத் தூக்கிப்போக வேண்டும், ஆபத்சகாயம் சனிக்கிழமை என்பார், மூன்று முட்டாள்களுக்கு அடுத்த நாலாவது முட்டாள் அவள். இதற்குப் போய் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது. யாரோ ஒருவரின் ரேம். அவளுக்குத் தெரிந்தது, ரேமுக்காக அடிக்கவில்லை. முப்பத்தாறு வயதில் பேசலாம் என்று போட்டுவிடுவோமோ என்கிற பயம் அது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறாரே, அதற்காகப் போட்டுவிடுவோமோ. கூடப் படித்தவள் எவளாவது துணிக்கடையில் பார்த்து, "இன்னும் அப்படியே இருக்கேடி" என்று மெச்சுகிற மாதிரி கேட்கிறாளே, அதற்காகவோ. இல்லை, அதெல்லாம் சாக்கு. அவன் டீக்கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான், குளிர்காய்கிற மாதிரி. அதற்காகத்தான் போட்டுவிடுவாள். எவ்வளவு கேவலம். ஒரு மனுஷி இன்ஜினியரிங் படித்து, கடை வைத்து, ஊரையே துச்சமாக நினைக்கப் பழகி, கடைசியில் ஒருத்தன் டீ குடிக்கிற அழகில் போய் விழுவது.

அப்போது திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்து ஒன்று. பிறகு அருவி மாதிரி. கிட்டே குனிந்து படித்தாள். வைத்தது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று. எல்லாக் கோட்டிலும் ஒரே பிட்தான், எண்ணை எழுதுகிற பூஜ்யம் ஒன்று வரிசையில் ஒரே இடந்தான் கெட்டிருந்தது. பூஜ்யம் வைத்தால் ஒன்று என்று திருப்பிக் கொடுக்கிறது. வைரஸ் இல்லை, கரண்ட் இல்லை, கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை, இதோ இந்தப் பலகை. அவளுக்கு ஒரு கர்வம் வந்து கழுத்தை நிமிர்த்தியது, அது வந்த வேகத்தில் வேறொரு நினைப்பு அதன் காலைத் தட்டிவிட்டது. எந்த பிட். வலமிருந்து இரண்டாவது. அந்த இரண்டாவது பிட்டுக்கு மதிப்பு இரண்டு, அது ஏறிக்கொண்டால் நாலு என்று வைத்தது ஆறு என்று திரும்பி வரும். நாலு ஆறாகும். விடிகாலை நாலு பத்து, ஆறு பத்து. இரண்டு மணி நேரத்தில் நட்சத்திரம் மாறுமா. மாறலாமே, ஒன்று முடிகிற இடத்தில் பிறந்திருந்தால். சே, அப்படியெல்லாம் குறி பார்த்து அந்த ஒரு எழுத்தில் வந்து உட்காராது. ஏன் உட்காரக் கூடாது, எங்கேயாவது உட்காரத்தானே வேண்டும், இவள் நாலில் உட்கார்ந்தால் என்ன. மணிமொழி நாற்காலியை மேஜையோடு இழுத்துக்கொண்டாள். அப்படியென்றால் யார் மேலும் தப்பில்லை. அவன் அம்மா மேல் இல்லை, அழுதவள் உண்மையாகவே பயந்து அழுதிருக்கிறாள். அவன் மேல் இல்லை, காகிதத்தில் இருந்ததைச் சொன்னான். எல்லாரும் நல்லவர்கள், ஒரு பலகை மட்டும் கெட்டது. அவன் தன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதை அவளே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அப்பவே தோணிச்சும்மா, அந்த மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு. அவன் குரலில், அவன் இழுப்போடு. நன்றாக இருந்தது. பரிகாரம் வேண்டாம், பால் ஊற்ற வேண்டாம், யாரும் யாரிடமும் இறங்கி வர வேண்டாம். கை போனை எடுத்தது. பேசலாம் என்று அடித்தது. புள்ளி வைக்காமல் அனுப்பியது. ஜோதிட நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ரேம் சொன்னதை நம்பி, கல்யாணத்துக்குச் சம்மதம். அப்பா கேட்டால் பெருமைப்படுவார், அறிவியல் பூர்வமானது.

கெட்ட பலகையை எடுத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த புதிதையும் அந்த நல்லதையும் சேர்த்துப் போட்டாள். மெஷின் சிணுங்காமல் எழுந்தது. எங்கே போனாலும் அவர்களுடைய சாஃப்ட்வேரையே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்திருப்பது, அது வழக்கம், அதில் ஒன்றும் தப்பில்லை. பொருத்தம் பார்க்கிற பக்கத்தைத் திறந்தாள். ஆணின் பெயர், சட்டநாதன். ஒரு தடவை அவன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியிருக்கிறாள், நாளும் தெரியும், சைக்கிள் ஸ்டாண்டுக் காகிதத்தில் அவன் பக்கத்து நேரமும் படித்திருக்கிறாள், மறக்கிற ஜாதி இல்லை, தன் பக்கத்தைத்தான் அன்றைக்குப் படிக்கவில்லை. பெண்ணின் பெயர் என்ற இடத்தில் பெண் என்றே அடித்தாள். நாலு பத்து. விரல் தட்டியதும் கட்டங்கள் வந்து நின்றன. பெண் நட்சத்திரம், பூசம். ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு. பத்துக்கு எட்டுப் பொருத்தம், உத்தமம். அழித்து ஆறு பத்து என்று போட்டாள். ஆயில்யம். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. மறுபடி நாலு. மறுபடி பூசம். அவளுக்குக் கண் கரித்தது, கற்பூரக் கரிதான், வேறென்ன. பிறகு கோபம் வந்தது, நல்ல கோபம், இத்தனை நாள் ஆள் கிடைக்காமல் அலைந்த கோபம்.

"சார், இங்க வாங்க" என்றாள். "இந்த மெஷின் எத்தனை நாளா நாலை ஆறுன்னு சொல்லிக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எத்தனை பேருக்குத் தப்பா எழுதிக் குடுத்தீங்கன்னு தெரியுமா?"

ஆபத்சகாயம் பஞ்சாங்கத்தில் விரலை அடையாளம் வைத்துக்கொண்டே எழுந்து வந்தார். "மெஷின் தப்பாப் போட்டா எனக்குத் தெரியாதாம்மா? இது சும்மா அச்சடிக்கிறதுக்கு. ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் நம்பிக்கை. பஞ்சாங்கத்தைப் பாத்துச் சரி பண்ணாம ஒண்ணையும் நான் வெளியில விடறதில்லை."

"இதைப் பாருங்க. பூசம். நீங்க ஆயில்யம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒரு கல்யாணம் நின்னு போச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையைப் படித்தார். பிறகு, "ஓ, இந்தத் தம்பியா" என்றார், பழகின ஒருவரை பஸ்ஸில் பார்த்தது போல. "இதுல மெஷின் தப்பு ஒண்ணும் இல்லைம்மா. பூசந்தான். நான் பூசம்னுதான் போட்டேன். அவங்க அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. மறுநாள் அந்தத் தம்பி தனியா வந்துச்சு. ஒரு ரெண்டு மணி தள்ளிப் போட்டுக் குடுங்க சார், ஆயில்யம் வர்ற மாதிரின்னுச்சு."

அவளுக்குக் கேட்டது. தெளிவாகத்தான் கேட்டது. "தள்ளிப் போட்டா ஆயில்யம் வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்" என்றாள். தன் வாயிலிருந்து வந்த கேள்வியா இது, இவ்வளவு நிதானமாக.

"கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டுல போன்லயே பாத்துட்டு வந்துடுச்சு. பொண்ணோட அப்பா கறுப்புச் சட்டையாம், ஜாதகமே கிடையாதாம், சரிபாக்க ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரியுது. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். கட்டிக்க மனசில்லாதவனுக்குக் கட்டம் சரியா இருந்து என்னம்மா ஆகப்போவுது. அடிச்சுக் குடுத்துட்டேன்." அவர் கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். "பாங்கு வேலை பாக்கற ஒரு பொண்ணு வந்திருந்துச்சு அப்ப. அதையும் நான்தான் பாத்துக் குடுத்தேன், நல்லாப் பொருந்திச்சு. அது போன மாசம் பொண்ணு வீட்டுல வேண்டான்னுட்டாங்க." பிறகு ஏதோ உறைத்தவராக அவளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு உனக்குத் தெரிஞ்ச பொண்ணாம்மா?"

"தெரிஞ்சவதான்" என்றாள்.

அவள் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டாள். பக்கத் தகட்டை மூடித் திருகினாள். ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது, குனிந்து தேடி எடுத்துப் போட்டாள். இந்த ஒரு வருஷமாக யார் யாரையெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று நினைப்பு ஓடியது. அந்த அம்மாளை. வாயெல்லாம் பல்லாக இருந்தவளை. தைலம் தேய்த்துக்கொண்டே மருமகள் வரப்போகிறாள் என்று நினைத்திருப்பாள். மறுநாள் ஆயில்யம் என்று கேட்டதும் நிஜமாகவே அழுதிருப்பாள். அப்பாவை, கண்ணாடியைத் துடைத்ததற்காக. எதிரில் நிற்கிற இந்த மனுஷரை, இவருக்குக் கொஞ்சம் திட்டு சேரத்தான் வேண்டும். கிரகங்களை, இல்லாத குற்றத்துக்கு. சுற்றிச் சுற்றி எல்லாரையும் காறித் துப்பிவிட்டு, நடுவில் நின்றவனை மட்டும் பாவம் என்று துணியால் மூடி வைத்திருந்திருக்கிறாள். கோழை என்று நினைத்தாளே, கோழைக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா. எந்த நட்சத்திரம் எப்போது முடிகிறது என்று போனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், டீக்கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு. அவளுக்கு ஊரில் எவனையும் துச்சமாகப் பார்க்கத் தெரியும் என்று ஒரு பெருமை இருந்தது. பார்க்க வேண்டியவனைப் பார்க்கத் தெரியவில்லை. பூஜ்யம் எது ஒன்று எது என்று ஒரு பிட்டைக் கூடத் தேடிப் பிடித்தவளுக்கு.

"சரியாயிடுச்சு, இனிமே நிக்காது" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினாள். பாதிப் படியில் போன் அடித்தது. அவன்தான். அனுப்பியது ஒன்று இருக்கிறதே. சுவரில் சாய்ந்து நின்று எடுத்தாள்.

"மணி, உன் மெசேஜைப் பாத்ததும் லேபை விட்டு வெளிய ஓடி வந்துட்டேன்" என்றான். பின்னால் பாலிடெக்னிக் கேன்டீன் சத்தம் கேட்டது, யாரோ வடை கேட்டார்கள். "எங்க இருக்கே?"

"ஆபத்சகாயம் ஜோசியர் இடத்துல. அவர் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு வந்தேன். ரேம் போயிருந்துச்சு. மாத்திட்டு நம்ம ரெண்டு பேருக்கும் போட்டுப் பாத்தேன். பூசம்னு வருது. பத்துக்கு எட்டு."

அவள் காத்திருந்தாள். இப்போதாவது சொல்லிவிடட்டும் என்று ஒரு மூலையில் ஆசையாக இருந்தது, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அப்படிச் செய்தேன் மணி, அப்போ புத்தி அப்படிப் போச்சு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மன்னிப்பாளா என்று தெரியாது, ஆனால் நின்று கேட்பாள்.

"பாத்தியா" என்றான் சட்டநாதன். குரலில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. "எனக்கு அப்பவே தோணிச்சு மணி, அந்த மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு."

அம்மா இருந்த இடத்தில் மணி, மற்றபடி ஒரு சொல் மாறவில்லை. சற்று முன் அவனுக்காக அவள் செய்து வைத்திருந்த வாக்கியம், அதே இழுப்பு. அவள் படிக்கட்டுச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"ரெண்டு மணி தள்ளிப் போடச் சொன்னது யாரு?" என்றாள்.

கேன்டீனில் எவரோ சிரித்தார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்து உருண்டு அடங்குகிற வரைக்கும் கேட்டது.

"ஹலோ?" என்றான் அவன். "ஹலோ, மணி? என்ன சொன்னே, கேக்கலை. இங்க டவரே இல்ல. ஹலோ. ஹலோ."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவன் இன்னும் எத்தனை ஹலோ சொல்கிறான் பார்க்கலாம் என்று.